பென்சில் கோட்டின் மேல் ஒரு குழந்தை

ஜூன் 5

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். உன் தையல் வலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் அட்டை நேற்று வந்தது. பெண் குழந்தை, பன்னிரண்டு வாரம் முந்திப் பிறந்துவிட்டாள், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று மூன்று வரி. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். காது மந்தமான பிறகு என் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று எனக்குத் தெரிவதில்லை. நான் வாசித்து முடிப்பதற்குள் கீழே சலூன்காரர் கையில் சீப்போடு மாடியேறி வந்து, "பேத்தியா சார்? சுகமா இருக்காளா?" என்று கேட்டுவிட்டார்.

மாப்பிள்ளை கப்பலிலிருந்து இறங்க இன்னும் நாலு மாதம் ஆகும் என்கிறாய். நான் வந்திருக்கவேண்டும். ஆனால் அத்தைக்கு இடுப்பெலும்பு ஒட்டுகிறவரை கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. நான் இல்லாவிட்டால் இறங்கிவிடுவாள். "நீ போடா, நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்கிறாள். போன வாரம் அப்படிச் சொன்ன கையோடுதான் அலமாரி மேலிருந்த ரேடியோவை எடுக்கப் போனாள்.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நூல்நிலையத்துக்குப் போய்க் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். வாரத்துக்கு இவ்வளவு எடை ஏறலாம் என்று அதில் இருந்தது. பிறந்த எடையாக நீ எழுதியிருந்த ஆயிரத்து ஐம்பது கிராமில் தொடங்கி, கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். நகல் ஒன்று இத்துடன் இருக்கிறது. நீ அவ்வப்போது எடையை எழுதினால் இங்கே என் தாளில் புள்ளி வைப்பேன். இது உனக்கு உதவியா உபத்திரவமா என்று சொல்லத் தெரியவில்லை. பிடிக்காவிட்டால் தாளைக் கிழித்துப் போடு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

பி.கு.: அத்தை அவளுக்குச் 'சுண்டு' என்று பெயர் வைத்திருக்கிறாள். சுண்டுவிரல் அளவுதானே இருப்பாள் என்று காரணம்.


ஜூன் 10

அன்புள்ள அப்பா,

நீங்களும் அத்தையும் நலமா? அத்தையைக் கட்டிலோடு கட்டிப் போடுங்கள். எனக்குத் தையல் வலி குறைந்துவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறேன்.

சுண்டுவுக்கு இன்னும் சப்பத் தெரியாது. சப்பவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒன்றாகக் கற்றுக்கொள்ள இன்னும் சில வாரம் ஆகுமாம். அதுவரை மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டிருக்கிறார்கள். பிறந்த மறுநாளே அதில் என் பாலைச் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் வந்த பால் மஞ்சளாக, கெட்டியாக, ஒரு தேக்கரண்டிகூட நிறையவில்லை. "இவ்வளவுதானா?" என்று வெட்கப்பட்டுக்கொண்டு கொடுத்தேன். தலைமை நர்ஸ் ஊசிக் குழலில் அதை உறிஞ்சி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, "இதுல ஒரு சொட்டு சிந்தினாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்றாள். அவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கண்டக்டர். வாசலில் தயங்கி நிற்கிற அம்மாக்களையெல்லாம் "நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று விரட்டிக்கொண்டே இருப்பாள்.

வயிறு பழகுகிறவரை மீதிச் சத்தெல்லாம் நரம்பு வழியாகப் போகிறது.

உங்கள் தாள் வந்தது. கிழிக்கவில்லை, சுவரில் ஒட்டியிருக்கிறேன். இன்று எடை ஆயிரத்து நூற்று இருபது.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம் அப்பா. வார்டில் பேச விடமாட்டார்கள். கடிதமே போதும்.

உங்கள் மகள்


ஜூன் 15

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். உன் கடிதத்தைப் பார்த்து எனக்கும் அத்தைக்கும் பாதி உயிர் திரும்பியது. புள்ளி வைத்துப் பார்த்தேன், கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அத்தையிடம் காட்டினேன். "உன் பேத்தியாச்சே, கோடு தாண்டுவாளா? நீயே ஜன்மத்துல தாண்டினதில்ல" என்றாள். பாராட்டா குத்தலா என்று கேட்கவில்லை.

அவள் யார் ஜாடை? கண்ணைத் திறக்கிறாளா? நான் நிறையக் கேள்வி கேட்கிறேனோ என்று தோன்றுகிறது. முடிந்ததற்கு மட்டும் பதில் எழுது. எடை மட்டும் விடாமல் எழுது.

நீ தனியாக இருக்கிறாய் என்ற நினைப்பு அடிக்கடி வருகிறது. பக்கத்து வீட்டில் பேச்சுத் துணைக்கு யாராவது உண்டா?

அப்பா


ஜூன் 21

அன்புள்ள அப்பா,

நலம். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன்.

எடை சனிக்கிழமை ஆயிரத்து இருநூற்றுப் பத்து. இன்று ஆயிரத்து இருநூற்று இருபது. பாலில் ஒரு சத்துப் பொடி கலந்து கொடுக்கிறார்கள். எல்லாம் நீங்கள் போட்ட கோட்டின்படியே போகிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை.

வேலை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

மகள்


ஜூன் 26

அன்பு மகளுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே அத்தை கட்டிலில் எழுந்து உட்காருகிறாள். நான் வழக்கம்போல.

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடப் பார்க்கிறேன்.

நூல்நிலையத்தில் அந்தப் புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். நான் பார்த்த பக்கத்துக்கு முந்திய பக்கத்தை அன்று படிக்கவே இல்லை. பிறந்த குழந்தைகள் எல்லாமே முதல் சில நாளில் எடை இறங்கும், முந்திப் பிறந்தவை இன்னும் கொஞ்சம் இறங்கும், பிறந்த எடைக்குத் திரும்பி வரவே இரண்டு வாரம்கூட ஆகும் என்று அங்கே போட்டிருக்கிறது. ஆக, நான் அனுப்பிய கோடு தப்பு. எந்தக் குழந்தையாலும் அதில் நடக்க முடியாது. நம் குழந்தை மட்டும் நடந்துகொண்டிருக்கிறாள்.

என் வேலை உனக்குத் தெரியும். வானிலை அலுவலகத்தில், வெளியூர்களில் மழை அளப்பவர்கள் அனுப்பும் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நனையச் சோம்பி வீட்டுக்குள்ளிருந்தே எழுதுகிறவர்களின் சீட்டு பார்த்ததும் தெரிந்துவிடும். அவர்களுடைய மழை ரொம்ப ஒழுங்காகப் பெய்யும். நிஜ மழைக்கு அந்த ஒழுங்கு வராது. அவர்களை நான் மேலதிகாரியிடம் மாட்டிவிட்டதில்லை. நேரில் கேட்கத் துணிச்சலும் இருந்ததில்லை. "அன்று மழை எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதவும்" என்று ஒரு அட்டை மட்டும் போடுவேன்.

எடை வேண்டாம், மகளே. அவள் எப்படி இருக்கிறாள் என்று இரண்டு வரி எழுது. நான் நினைப்பது தவறாக இருந்தால் இந்தக் கிழவனை மன்னித்துவிடு. தவறாக இருக்கவேண்டும் என்றுதான் ஆசை.

அப்பா


ஜூலை 4

என் கண்ணுக்கு,

அத்தை எழுதறேன். நான் நல்லா இருக்கேன், இடுப்புதான் என்னோட சண்டை போட்டுட்டு இருக்கு.

உங்கப்பா தபால் வர்ற நேரத்துக்கு மாடிப்படியில போய் உட்கார்ந்துக்கறான். உன்கிட்டேயிருந்து ஒண்ணும் இல்ல. தபால்காரருக்கே மனசு கேக்காம, நேத்து யாருக்கோ வந்த நாற்காலிக் கடை விளம்பரத்தைக் கையில குடுத்துட்டுப் போயிருக்கார். இவன் அதையும் ரெண்டு பக்கம் திருப்பிப் பார்க்கறான்.

நான் தபாலாபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவ. கடுதாசி வராததுக்கு என்ன அர்த்தம்னு எனக்குச் சொல்லித் தரவேண்டாம். உங்கப்பன் பயந்தாங்கொள்ளி, அவன்கிட்ட சொன்னா நொறுங்கிப் போயிடுவான்னு சின்ன வயசுலேர்ந்தே நீ மூடி மூடி வச்சுப் பழகிட்டே. அவன் நொறுங்கமாட்டாண்டி. நடுங்குவான், அவ்வளவுதான். நடுங்கிக்கிட்டேதான் அவன் எல்லாத்தையும் செஞ்சிருக்கான். உங்கம்மா போனதுக்கப்புறம் உன்னை வளர்த்தது யாரு?

எழுது. நல்லதா இருந்தாலும் சரி, எதுவா இருந்தாலும் சரி. வேளைக்குச் சாப்பிடு.

அத்தை


ஜூலை 8

அன்புள்ள அப்பா,

அத்தையின் இடுப்பு தேவலையா? நீங்கள் மாடிப்படியில் உட்காராதீர்கள், முதுகு பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் நினைத்தது தவறில்லை. உங்கள் கோடு வந்த அன்று சுண்டு தொள்ளாயிரத்து நாற்பது. கோட்டுக்கு அடியில் புள்ளி வைக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள் அதை எடுத்துவைத்துக்கொண்டு ராத்திரி தூங்கமாட்டீர்கள் என்று தெரியும். ஒரு தடவை எழுதிவிட்டேன், பிறகு அதற்கு மேல்தானே எழுதவேண்டும்?

மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருந்தாள். போன மாதக் கடைசியில் வயிறு உப்பிவிட்டது. குடலில் கோளாறாக இருக்கலாம் என்று பாலை அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் நரம்பு வழியாக மட்டும்தான். நான் சாப்பிடவில்லை அப்பா. பால் எடுக்கும் கருவியின் முன்னால் உட்காரவும் இல்லை. யாருக்காக எடுப்பது என்று இருந்தது. இப்போது வயிறு இளகிவிட்டது, மறுபடியும் சொட்டுச் சொட்டாக ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் எனக்குப் பால் வற்றிவிட்டது. காலையிலிருந்து உட்கார்ந்தால் பாட்டிலின் அடி மட்டும் நனைகிறது.

இங்கே பால் வங்கி இருக்கிறது. மற்ற அம்மாக்கள் மிஞ்சியதைக் கொடுப்பார்கள். பரிசோதித்து, பதமாகச் சூடாக்கி, உறைய வைத்திருப்பார்கள். புட்டிப் பால் மாவைவிட அதுதான் இந்த வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்கிறார். அதற்கு என் சம்மதம் வேண்டும். உங்கள் மாப்பிள்ளை கப்பலிலிருந்து, உனக்குச் சரியென்று பட்டதைச் செய் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட்டால் என்னால் முடியவில்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. ஊரில் இருக்கிற வாய்க்கெல்லாம் பொருந்துகிற மாதிரிப் பல்செட் செய்கிறவள் நான். என் குழந்தையின் வாய்க்கு ஒரு வாய்ப் பால் இல்லை.

கண்டக்டர் சண்டை போட்டாள். "அவ யாரோட பாலுன்னு பார்க்கப்போறதில்ல. அவளுக்குப் பசிக்குது" என்றாள். டாக்டர் திங்கட்கிழமை வரை பார்க்கலாம் என்றிருக்கிறார்.

நீங்கள் என்னை எதையும் செய் என்று சொன்னதே இல்லை, செய்யாதே என்றும் சொன்னதில்லை. இந்த ஒரு தடவை சொல்லுங்கள் அப்பா.

மகள்


ஜூலை 11, சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. பதில் கடிதம் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராது. அதனால்தான் நீ வேண்டாம் என்று சொல்லியும் கூப்பிட்டேன்.

அத்தைதான் வார்டு எண்ணைச் சுழற்றினாள். "நீயே சொல்லிடேன் அக்கா" என்றேன். "அவ உன்னைத்தான் கேட்டிருக்கா" என்று கருவியை என் கையில் திணித்துவிட்டாள். யாரோ எடுத்தார்கள். உன் பெயரைச் சொன்னேன். பிறகு என் காதில் இரைச்சல் மட்டும்தான். நீ வந்துவிட்டாயா என்று தெரியவில்லை. அத்தை கருவியில் காதை வைத்துப் பார்த்து, "வந்துட்டா, பேசு" என்று கையைக் காட்டினாள். பேசினேன். ஐந்து தடவை சொன்னேனாம். கீழே சலூனில் முகத்தில் சோப்போடு எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்களாம். சாயங்காலம் கடைக்குப் போனபோது முன்பின் தெரியாத ஒருவர், "கையெழுத்துப் போட்டாச்சா சார்?" என்று கேட்டார்.

உனக்குச் சரியாகக் கேட்டதோ என்னவோ, இங்கே எழுதியும் வைக்கிறேன். கையெழுத்துப் போடு. உன்னால் முடியவில்லை என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. குழந்தை சாப்பிடட்டும் என்றுதான் எழுதியிருக்கும். உன் பால் திரும்ப வந்தால் அதையும் கொடு.

நான் சொன்னது தப்பாகவும் போகலாம். எனக்கு வைத்தியம் தெரியாது, கோடு போட்ட லட்சணத்தைத்தான் பார்த்தாயே. தப்பானால், அப்பா சொன்னார், செய்தேன் என்று இருக்கட்டும். அதை நீ சுமக்கவேண்டாம்.

நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அத்தையைக் கேட்டால் "அது உங்க ரெண்டு பேர் விஷயம்" என்கிறாள். சொன்னதை எழுதி அனுப்பு.

அப்பா


ஜூலை 15

அன்புள்ள அப்பா,

நீங்களும் அத்தையும் நலமா? சலூன்காரரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அழுதேன். குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் இத்தனை நாள் கூப்பிட வேண்டாம் என்றேன். உங்களுக்குக் காது கேட்காது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. தைரியமாக, சத்தம் போட்டு அழுதேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று, "யாரும்மா அது, இப்படிக் கத்தறாரு?" என்றாள். எங்கப்பா என்றேன். "நல்ல மனுஷன். பேனா இந்தா" என்றாள்.

அன்று மாலையே ஆரம்பித்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லி. வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். இதுவரை உப்பவில்லை. இதுவரை என்றுதான் எழுத முடியும்.

நீங்கள் கேட்டு நான் பதில் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அவள் யார் ஜாடை என்று எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. நான் பாலைக் கொடுத்துவிட்டு, கண்ணாடி வழியாகப் பிராணவாயுக் குழாயையும் வயர்களையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். முகத்தைப் பார்த்தால், பிறகு பார்க்க முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று. நேற்று கண்டக்டர் என்னைச் சாய்வு நாற்காலியில் தள்ளி, அவளை வயர்களோடு அப்படியே என் நெஞ்சில் போட்டுவிட்டாள். வெறும் உடம்போடு உடம்பு. எழுந்து ஓடவும் வழியில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தான் செய்தது தப்போ என்று யோசிக்கிற மாதிரி ஒரு முகம். உங்கள் ஜாடைதான் அப்பா, சந்தேகமே இல்லை.

மகள்


ஜூலை 25

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தை ஊன்றுகோலோடு சமையலறை வரை போய், நான் பாத்திரங்களை அடுக்கிவைத்திருக்கும் முறையைத் திட்டிவிட்டுத் திரும்பினாள்.

உன் கடிதத்தை இந்த முறை மனத்துக்குள் வாசித்தேன். அத்தை தானே வாங்கிப் படித்துக்கொண்டாள். படித்துவிட்டு என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "பாவம் குழந்தை" என்றாள்.

எதுவும் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீ எழுதுகிறபோது எழுது.

அப்பா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அப்பா,

நலம். இது நிஜமாகவே நலம்.

ஒரு நாள் ஏறுகிறாள், இரண்டு நாள் சும்மா இருக்கிறாள். போன செவ்வாய் இருபது கிராம் இறங்கினாள். நான் தலையில் கை வைத்தேன். கண்டக்டர் "கக்கா போயிருப்பா" என்றாள், அவ்வளவுதான். இப்போது ஆயிரத்து எண்ணூறு. கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே தொட்டிலுக்கு மாற்றியாகிவிட்டது.

நெஞ்சில் போட்டுக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து எனக்கும் பால் ஊறுகிறது. முழுசாக இல்லை, பாதி இருக்கும். மீதியை இன்னும் வங்கியிலிருந்துதான் கொடுக்கிறார்கள். அது யாருடையது என்று சொல்லமாட்டார்கள். நடைபாதையில் எதிரே வருகிற பெண்களையெல்லாம், இவளாக இருக்குமோ என்று பார்க்கிறேன். ஒருத்தி என்னை முறைத்துவிட்டுப் போனாள்.

முந்தாநாள் முதல்முதலாக வாயில் பிடித்துச் சப்பினாள். நாலு சப்பு சப்பிவிட்டுக் களைத்துப்போய்த் தூங்கிவிட்டாள். மீதி குழாயில். நேற்று கொஞ்சம் கூட. குழாயை எடுத்துவிட்டு, தானே குடித்து எடை நின்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதுதான் இப்போது பரீட்சை.

அத்தை நடந்துவிட்டாள் என்றால் நீங்கள் வரலாமா? வரவேண்டும் என்று இல்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

மகள்


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? சலூன்காரர் மனைவி இரண்டு வேளையும் வந்து பார்க்கிறாளா? அலமாரிப் பக்கம் போகாதே.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். ரயிலில் இரண்டு தடவை இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. வீடு சின்னது. ஜன்னல் ஓரம் முழுக்க அவள் செய்துவைத்த பல்செட்டுகள், உள்ளே நுழைந்ததும் எல்லாம் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தன. பெண் இளைத்திருக்கிறாள். ஆனால் தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறாள்.

குழாயை எடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி ஐந்து நாள் ஆகிறது. அங்கே ஒவ்வொரு வேளையும் இத்தனை மில்லி என்று அளந்து விட்டிருக்கிறார்கள். வீட்டில் அளவும் இல்லை, தராசும் இல்லை. அடுத்த வாரம் காட்டப் போகும்போதுதான் எடை தெரியும். முதல் இரண்டு நாள் எனக்கு இது பெரிய அவஸ்தையாக இருந்தது. பெண்ணுக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். குடிக்கும்போதெல்லாம் அந்தத் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை பசியில் முகமெல்லாம் சிவந்து, கத்தி, பிறகு பிடித்துக்கொண்டாள். விழுங்குகிற சத்தம் உண்டாம், எனக்குக் கேட்காது, தாடை அசைவது மட்டும் தெரிந்தது. வேகமாக ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பித்தாள். அப்புறம் வாயை எடுத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெண் மறுபடியும் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். வேண்டவே வேண்டாம் என்று உதட்டை மூடிக்கொண்டாள், உன்னை மாதிரி.

"எவ்வளவு குடிச்சிருப்பா?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்று இருந்தும் கேட்டுவிட்டேன்.

பெண் என் காதருகே வந்து சிரித்துக்கொண்டே, "எனக்கென்ன தெரியும்? அவளையே கேளுங்கப்பா" என்றாள்.

என் மடியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். நான் கேட்கவில்லை, அக்கா. வாயோரம் பால் வழிய, குழந்தை தூங்கிப் போயிருந்தாள்.

மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்.

உன் தம்பி